தாழிப் பிள்ளை

ரெட்டியார்சத்திரம் தாண்டி டவுன் பஸ் இறக்கிவிடும் விலக்கிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போக வேண்டும். வழியெல்லாம் மல்லிகைத் தோட்டம். பேகம்பூரில் பாஸிலாவின் வீட்டுக் கதவைத் திறந்தால் தோல் மண்டியின் வாடை முகத்தில் அடிக்கும். இங்கே பூ வாசம். அதற்காகவே அவள் மெதுவாக நடப்பாள். தற்காலிக ஆசிரியைதான். ஆனால் பிள்ளைகள் ஓடி வந்து பையைப் பிடுங்கிக்கொண்டு "டீச்சர்" என்று கூப்பிடும்போது அந்தக் கூப்பாட்டில் தற்காலிகம் எதுவும் இருக்காது.

அன்று தலைமையாசிரியை ஜோஸ்பின் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"பாஸிலா, சமூக அறிவியல கையால செஞ்சு படிக்கணுமாம். இந்த வாரமே போட்டோ அனுப்பச் சொல்லிருக்காங்க. உனக்குத்தான் இதெல்லாம் வரும். பாத்துச் செய்யும்மா."

பாஸிலாவுக்கு மனதுக்குள் குதியாட்டம். கல்லூரியில் வரலாறு படித்தவள். ஒரு குழி வெட்டி, மண்ணுக்குள் பழைய பொருள்களைப் புதைத்து வைத்து, பிள்ளைகளைத் தோண்டி எடுக்க விடலாம் என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தாள். மண்வெட்டி தேடிப் பின்பக்கத்து ஓட்டுக் கட்டடத்துக்குப் போனாள். ஓடு சரிந்ததால் வகுப்பு நடக்காத கட்டடம். விறகும் உடைந்த பெஞ்சுகளும் அடைந்து கிடக்கும். உள்ளே வெளிச்சம் குறைவு. மழை பெய்து பல நாளாகியும் ஈர மண்ணின் வாசனை வந்தது.

மூலையில் அந்தப் பானை இருந்தது.

பானை என்று சொல்லக் கூடாது, தாழி. அடி கூம்பி, வயிறு அகன்று, வாய் விரிந்து, கழுத்து வரை மண் அடைத்துக்கிடந்தது. படத்தில் மட்டும் பார்த்திருந்ததை நேரில் கண்டதும் பாஸிலா அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. பெரியவர்களைப் புதைக்கும் அளவுக்குப் பெரிதில்லை. ஒரு சின்னப் பிள்ளை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரலாம்.

அவள் அதை வசதி என்றுதான் நினைத்தாள்.

"கக்கூசுக்குக் குழி தோண்டையில ஜேசிபி தூக்குனது அது." விறகு எடுக்க வந்த சத்துணவுச் சமையலர் சுந்தரம்மாள் வாசற்படியிலேயே நின்றுகொண்டு சொன்னார். "வெளிய சொன்னா வேலைய நிறுத்திப்புடுவாகன்னு காண்ட்ராக்டரு இங்கன உருட்டிவிட்டுட்டுப் போயிட்டான். நான் அதும் பக்கமே போறதில்ல."

"ஏன்க்கா? வெறும் பானைதானே?"

"வாயத் தொறந்துக்கிட்டே இருக்கு. பாக்கவே பிடிக்கல."

பாஸிலா சிரித்தாள். பெரிய பிள்ளைகளை வைத்துத் தாழிக்குள் இருந்த மண்ணையெல்லாம் வாளி வாளியாக அள்ளி, வேப்பமரத்தடியில் வெட்டிய குழியில் கொட்ட வைத்தாள். தோண்டுவதற்கு அதைவிட நல்ல மண் கிடைக்குமா? உடைந்த சாஸர், கண்ணாடி வளையல் துண்டு, செங்கல் சில்லு, பொம்மை வண்டியின் மண் சக்கரம் எல்லாவற்றையும் அதற்குள் அவளே புதைத்து வைத்தாள். தோண்டுவது நாளைக்கு. இன்றைக்குத் தாழி; பிள்ளைகளை ஓட்டுக் கட்டடத்துக்குள் கூட்டிப்போய் அதைச் சுற்றி நிறுத்தினாள்.

"அந்தக் காலத்துல செத்தவங்கள இப்படித்தான் உட்கார வச்சுப் புதைப்பாங்க. யாரு உள்ள உட்கார்ந்து காட்டுறா?"

எல்லாக் கையும் உயர்ந்தது. உள்ளே பொருந்துகிற உடம்பு ஒன்றுதான். மூன்றாம் வகுப்புப் பாண்டிமீனா. கோழிக்குஞ்சு மாதிரி இருப்பாள். முன்பல் விழுந்த வாயைத் திறந்து எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பாள். அவளைத் தூக்கி உள்ளே இறக்கினார்கள். தலை மட்டும் வெளியே தெரிந்தது.

"செத்தவங்க கூட என்னென்ன வைப்பாங்க, சொல்லுங்க பாப்போம்."

"போனு வைக்கலாமா டீச்சர்?" என்றான் ஐந்தாம் வகுப்பு விக்னேஷ்குமார். "ரீசார்ஜ் பண்ணி?"

"மண்ணுக்குள்ள டவர் கெடைக்காதுலே," என்றாள் பக்கத்தில் இருந்தவள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

ஒருத்தி அழிரப்பர் வைத்தாள். ஒருவன் கடித்த கொய்யாவை வைத்தான். தானியம் வைப்பார்கள் என்று பாஸிலா சொன்னதும் விக்னேஷ்குமார் சமையலறைக்கு ஓடிப் போய் அரிசி அள்ளி வந்தான். அதற்குப் பிறகு நடந்ததை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளைகளே வரிசையாக நின்றார்கள். தாழியைச் சுற்றி வந்து, புறங்கையால் பாண்டிமீனாவின் வாயில் அரிசியைச் சரித்தார்கள். நான்கு பெண் பிள்ளைகள் தலையோடு தலை சாய்த்து, மாரில் அடித்துக்கொண்டு, "என்னப் பெத்த மகளே" என்று ராகம் இழுத்தார்கள். நடுநடுவே அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க பெரியப்பாவுக்கு இப்படித்தான் போட்டாக டீச்சர். வாங்க, நீங்கதான் அம்மா. அம்மாதான் கடேசி."

பாஸிலாவும் போட்டாள். அவள் வீட்டில் மையத்தை, இறந்தவர் உடலை, தூக்கிக்கொண்டு போகும்போது பெண்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். அதற்கு அப்பால் ஊரில் யார் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியாது. பிள்ளைகள் அழகாக நடிக்கிறார்களே என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

"இனி யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது," என்றான் விக்னேஷ்குமார். "நேரா போய்க் கால் கழுவணும்."

எல்லாரும் குழாயடிக்கு நடந்தார்கள். பாஸிலாவும் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பாண்டிமீனாவின் கிக்கிக்கி சிரிப்பு முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது.

பாதி வழியில் அது நின்றது.

ஏதோ ஒரு கை வாயைப் பொத்தியது போல, பாதிச் சிரிப்பில் நின்றது.

கால் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது பாண்டிமீனா கன்னத்தை முழங்காலில் வைத்து, இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். வாயில் அரிசி இல்லை. சிந்திய அரிசியும் இல்லை.

"எங்கடா தங்கம் அரிசி?"

"தின்னுட்டோம்."

அந்தச் சொல்லில் இருந்த பிசகு பாஸிலாவுக்கு அப்போது உறைக்கவில்லை.

மதியம் விஷயம் சுந்தரம்மாள் காதுக்குப் போனது. சோற்றுக் கரண்டியோடு வந்துவிட்டார்.

"உசுரோட இருக்கிற புள்ளைக்கா வாய்க்கரிசி போட்டீக? டீச்சருக்குத்தான் தெரியாது. ஏலே, உங்களுக்குமா தெரியாது? சுடுகாட்டுக்கு அனுப்புற அரிசிடா அது."

பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். "விளையாட்டுக்குத்தானேக்கா," என்றாள் பாஸிலா.

"நமக்கு விளையாட்டு," என்று மட்டும் சொல்லிவிட்டு சுந்தரம்மாள் ஓட்டுக் கட்டடத்துப் பக்கம் ஒருதரம் பார்த்தார். அன்று பாண்டிமீனா தட்டில் சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் தோண்டினார்கள். குழிக்கு மேலே நூல் கட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தது. பழைய ஸ்பூன், பல் விளக்கும் பிரஷ், வாளி. நாலு பக்கமும் பிள்ளைகள் சப்பணமிட்டு உட்கார்ந்தார்கள். ஒரு விதி சொல்லியிருந்தாள். பொருள் கண்ணில் பட்டதும் எடுக்கக் கூடாது. கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை அப்படியே முதலில் தாளில் வரைய வேண்டும். ஆய்வாளர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

சாஸர் வந்தது. சக்கரம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் கூச்சல்.

பாண்டிமீனாவின் கட்டத்தில் மட்டும் சத்தமே இல்லை. பாஸிலா குனிந்து பார்த்தாள். பிள்ளையின் மணிக்கட்டில் ஒரு வளையல். சங்கை அறுத்துச் செய்தது, பழுப்பேறியது.

"இது ஏது?"

"மண்ணுக்குள்ள இருந்துச்சு."

"இத நான் வைக்கலையே."

பாஸிலா வளையலைக் கழற்றப் பார்த்தாள். அசையவில்லை. கைக்குழந்தைக்குக்கூட இறுக்கமாக இருக்கும் அளவு. அது எப்படி அந்தக் கைக்குள் ஏறியது என்று அவளுக்குப் புரியவில்லை. தொட்ட விரலில் குளிர் ஒட்டிக்கொண்டது. வெயில் உச்சியில் இருந்தது.

பிள்ளைகள் சாப்பிடப் போன பிறகு, எந்தப் படத்தை அனுப்பலாம் என்று பார்க்க வகுப்பறைத் தரையில் தாள்களைப் பரப்பினாள். குழி, நூல், சாஸர் எல்லாம் சரியாக இருந்தன. ஒரு தாளில் குழிக்குள் ஒரு சிறுமி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாண்டிமீனா போலும் என்று தள்ளி வைத்தாள். அடுத்த தாளிலும் அவள். பக்கத்தில் தனியாகப் பாண்டிமீனாவும் இருந்தாள், இரட்டைச் சடையோடு.

பாஸிலா எல்லாத் தாள்களையும் பார்த்தாள். ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் அந்தச் சிறுமி இருந்தாள்.

பிள்ளைகள் குழியைச் சுற்றி உட்கார்ந்திருந்த வரிசைப்படியே தாள்களைத் தரையில் அடுக்கினாள். கிழக்கே உட்கார்ந்தவர்கள் அந்தச் சிறுமியின் முதுகை வரைந்திருந்தார்கள். வடக்கே இருந்தவர்கள் வலப்பக்கத்தை, தெற்கே இருந்தவர்கள் இடப்பக்கத்தை. ஒருவரைப் பார்த்து ஒருவர் வரைந்தால் இப்படி வராது. அவரவர் இடத்திலிருந்து, நடுவில் இருந்த ஒன்றைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள்.

மேற்கே உட்கார்ந்தவன் விக்னேஷ்குமார். அவன் முகத்தை வரைந்திருந்தான். கண் இருந்தது. மூக்கு இருந்தது. வாய் இருந்த இடத்தில் வட்டம் போட்டு, அதற்குள் பென்சிலால் குத்திக் குத்திப் புள்ளி வைத்திருந்தான்.

அவனைக் கூப்பிட்டுக் கேட்டாள். "வாயில என்னடா இது?"

"அரிசி டீச்சர்."

"யாரு இவ?"

அவன் விழித்தான். "புதுசா சேந்த புள்ளன்னு நெனச்சேன். பாண்டிமீனா கையப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்துச்சே. நீங்க பாக்கலையா?"

கடைசித் தாள் பாண்டிமீனாவுடையது. அதில் குழியும் இல்லை, அந்தச் சிறுமியும் இல்லை. துப்பட்டா போட்ட ஒரு பெண் மட்டும். கீழே 'டீச்சர்' என்று எழுதியிருந்தது. அவளையும் கூப்பிட்டாள்.

"என்னை எதுக்கு வரைஞ்ச கண்ணு?"

பாண்டிமீனா நிமிராமல் சொன்னாள். "அவ உங்களத்தான் பாத்துக்கிட்டே இருந்தா."

அடுத்த நாள் காலை பள்ளி வாசலில் பாண்டிமீனாவின் அம்மா புவனேஸ்வரி நின்றிருந்தாள். நூல் மில் வேலைக்காரி. தலையில் பஞ்சுத் தூசி. ராத்திரி வேலை முடித்து நேராக வந்திருந்தாள்.

"டீச்சர், புள்ள ஒரு வா சோறு திங்க மாட்டேங்குது. அரிசி தின்னுட்டேன் தின்னுட்டேங்குறா. படுக்கவும் மாட்டேங்குறா. மூலையில காலக் கட்டிக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கா. தொட்டா மண்பானை கணக்கா சில்லுன்னு இருக்கு. ஆசுபத்திரியில பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டாக." அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "அவுக அப்பா போனப்பெறகு எனக்கு இது ஒண்ணுதான் டீச்சர். பள்ளிக்கூடத்துல எதையும் கண்டு பயந்துச்சா?"

பாஸிலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பாத்துக்கிறேன்க்கா. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

அன்று முழுக்கப் பாண்டிமீனாவைத் தன் மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தாள். பிள்ளையின் தலைமுடியிலிருந்து ஈர மண் வாசனை வந்துகொண்டிருந்தது. அவ்வப்போது வளையல் பெஞ்சில் படும்.

டிக்.

டிக்.

கடைசி மணி அடித்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டுத் திரும்பினால் இடம் காலி. பை இருந்தது. செருப்பு இருந்தது. ஆள் இல்லை.

ஜோஸ்பின் தெருப்பக்கம் ஓடினார். பாஸிலா எங்கே போக வேண்டும் என்று அவள் கால்களுக்கே தெரிந்திருந்தது. ஓட்டுக் கட்டடத்து வாசலில் சுந்தரம்மாள் நின்று அழுதுகொண்டிருந்தார்.

"உள்ளதான் போச்சு. கூப்புட்டேன், திரும்பல. நான் வர மாட்டேன் டீச்சர், எனக்குக் காலு வரல." அவர் குரல் தாழ்ந்தது. "அன்னைக்கு எல்லாரும் திரும்பிப் பாக்காம வந்துட்டீக. அனுப்பிச்சுட்டீகன்னு ஆயிப்போச்சு. புள்ள இன்னும் அங்கனதான் கெடக்கு."

பாஸிலா துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். உதடு தானாக ஓதியது. உள்ளே போனாள்.

வெளியே வெயில் மஞ்சளாக இருந்தது. உள்ளே அது வரவில்லை. சரிந்த ஓட்டு இடுக்கில் நின்றுவிட்டது. மண் வாசனை மூக்கை அடைத்தது. தாழியின் வாய் மேல் ஒரு சத்துணவுத் தட்டு கவிழ்த்து மூடியிருந்தது.

யார் மூடியது?

தட்டை எடுத்தாள்.

பாண்டிமீனா உள்ளே இருந்தாள். முதல் நாள் தலை வெளியே தெரிய உட்கார்ந்தவள், இப்போது வெகு கீழே இருந்தாள். தாழிக்கு அத்தனை ஆழம் கிடையாது. கன்னம் முழங்காலில் இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. உதட்டு இடுக்கில் அரிசி வெள்ளையாகத் தெரிந்தது.

"பாண்டிமீனா. எந்திரிடா கண்ணு."

அசைவில்லை. பாஸிலா விளிம்பில் வயிறு அழுந்தக் குனிந்து கையை விட்டாள். பிள்ளையின் அக்குளைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கீழேயிருந்து ஒரு பிடி இருந்தது. இன்னொரு முழங்கால் அவள் கையில் இடித்தது.

அங்கே நாலு முழங்கால்கள் இருந்தன.

அலற வாய் திறந்தவள் அலறவில்லை. அலறினால் கை தானாக விட்டுவிடும் என்று பட்டது.

"டீச்சர்." பாண்டிமீனாவின் குரல் கிணற்றடியிலிருந்து வருவது போல வந்தது. "அவ கைய விட மாட்டேங்குறா."

"யாரும்மா?"

"அவளுக்குத் தனியா இருக்கப் பயமா இருக்காம். அவ அம்மா வந்தாத்தான் விடுவாளாம்."

"அவ அம்மா எங்க இருக்காங்க?"

அரிசி நிறைந்த வாயோடு பேசுவது போல, பதில் குழறிக் குழறி வந்தது.

"நீங்கதானே டீச்சர். நீங்கதானே அரிசி போட்டீக."

விட்டுவிட்டு ஓடலாம். வாசல் பின்னாலேயே இருக்கிறது. திரும்பிப் பார்க்காமல் ஓடினால் விலக்கு, பஸ், பேகம்பூர். அவள் விரல்களுக்குள் பாண்டிமீனாவின் உடம்பு இன்னும் ஒரு சாண் கீழே நழுவியது. பஞ்சுத் தூசி படிந்த அந்தத் தலையும், முந்தானையால் அழுத்திய வாயும் நினைவுக்கு வந்தன.

தாழியின் இருட்டைப் பார்த்து அவள் சொன்னாள்.

"அம்மா வந்துட்டேன்."

எதுவும் நடக்கவில்லை.

"அம்மா வந்துட்டேம்மா. அவ கைய விட்டுரு. நீ என்கூட வா."

பிடி விட்டது.

பாண்டிமீனா பஞ்சுப்பொதி போல மேலே வந்தாள். வாயிலிருந்து அரிசி பொலபொலவென்று கொட்டியது. பாஸிலா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். படியில் கால் வைத்ததும் நின்றாள். அன்று செய்யாததை இன்று செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பிள்ளை மறுபடியும் அங்கேயே கிடக்கும்.

திரும்பிப் பார்த்தாள்.

தாழி காலியாக இருந்தது. வெறும் பழைய பானை. வாய் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

குழாயடியில் முகம் கழுவிவிட்டதும் பாண்டிமீனா வீறிட்டு அழுதாள். அழுது முடித்துப் பசிக்கிறது என்றாள். சுந்தரம்மாள் மிச்சம் இருந்த சோற்றைப் பிசைந்து ஊட்ட, வாங்கி வாங்கித் தின்றாள். உடம்பில் சூடு ஏறியிருந்தது. புவனேஸ்வரி வந்து பிள்ளையை வாரிக்கொண்டபோது ஓட்டைப் பல் தெரியச் சிரிக்கவும் செய்தாள். தொல்லியல் துறைக்கு நாளைக்கே போன் பண்ணி அந்தத் தாழியை எடுத்துப் போகச் சொல்கிறேன் என்று ஜோஸ்பின் சத்தியம் பண்ணினார்.

பாஸிலா பிள்ளையின் மணிக்கட்டைப் பார்த்தாள். வளையல் இல்லை.

"எங்க போச்சு?"

"அவ எடுத்துக்கிட்டா டீச்சர்."

"அவ எங்க?"

பாண்டிமீனா அம்மாவின் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு, பாஸிலாவின் இடுப்பு உயரத்துக்குப் பார்வையைத் தாழ்த்தினாள். என்ன நினைத்தாளோ, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விலக்குக்கு நடக்கும்போது மல்லிகை வாசம் வரவில்லை. பாஸிலா அதைக் கவனித்தாள், கவனிக்காதவள் போல வேகமாக நடந்தாள். பஸ் வந்தது. ரெட்டியார்சத்திரத்துச் சந்தைக் கூட்டம், கூடைகள், கோழி, காய்கறி மூட்டை. ஜன்னலோரம் ஓர் இடம் கிடைத்தது. உட்கார்ந்து, கம்பியில் தலை சாய்த்துக் கண்ணை மூடினாள். முடிந்தது. பிள்ளை பிழைத்துவிட்டது. வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளித்து, உம்மா பக்கத்தில் படுத்துத் தூங்கினால் எல்லாம் சரியாகிவிடும்.

"டிக்கெட், டிக்கெட். எங்கம்மா?"

"பேகம்பூர்."

கண்டக்டர் பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பிறகு இன்னொன்று கிழித்து அதையும் அவள் கையில் வைத்தார்.

"எனக்கு ஒண்ணு போதும்ண்ணே."

"பாப்பாவுக்கும்மா." அவர் அவளைப் பார்க்கவில்லை. பக்கத்தில், இருக்கைக்குக் கீழே, பார்த்துச் சிரித்தார். "இம்புட்டுக் கூட்டத்துல கீழ உக்கார வச்சிருக்கீகளே, யாராச்சும் மிதிச்சுருவாக. மடியில தூக்கி வச்சுக்கங்க."

அவர் நகர்ந்து போனார்.

பாஸிலா குனிந்து பார்க்கவில்லை.

ஈர மண்ணின் வாசனை எழுந்தது. அவள் மடியில் முதலில் குளிர் வந்தது. பிறகு கனம் வந்தது, மெல்ல மெல்ல, முழங்காலை மடித்துக் கட்டிக்கொண்டு உட்காரும் ஒரு சின்ன உடம்பின் கனம். பஸ் குலுங்கும்போதெல்லாம் ஜன்னல் கம்பியில் ஏதோ பட்டது.

டிக்.

டிக்.